மாட்டுங்காவில் ஒரு வியாழக்கிழமை

நேற்று நவம்பரின் நான்காவது வியாழன் என்பதே நியூ ஜெர்சியிலிருந்து தங்கை போன் செய்த பிறகுதான் உறைத்தது. அங்கே நன்றி நாள் விடுமுறை. "அக்கா, நீ யாருக்கு நன்றி சொல்லப் போற?" என்று கேட்டாள்.

அந்த நாளில் எனக்குப் பிடித்ததே அதன் பின்னால் எழுதுகிற ஒரு பெண் இருந்தார் என்பதுதான். பத்திரிகை ஆசிரியர் சாரா ஜோசபா ஹேல், அதை நாடு முழுவதற்குமான நாளாக்கச் சொல்லித் தலையங்கமும் கடிதமுமாக வருடக்கணக்கில் விடாமல் எழுதினார்; உள்நாட்டுப் போருக்கு நடுவே 1863இல் அதிபர் லிங்கன் அதை நாடு முழுவதற்கும் அறிவித்தபோது ஹேலுக்கு வயது 74. எவ்வளவு பொறுமை!

சரி, என் நன்றி இங்கே மும்பை மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடைக்காரருக்கு. தமிழ் படிக்கத் தெரியாது. எழுத்தின் வளைவை வைத்தே கண்டுபிடித்து எனக்காக எடுத்து வைப்பார். நேற்று கிடைத்தது அட்டை கிழிந்த ஒரு சமையல் புத்தகம். வத்தக்குழம்பு பக்கத்தில் மஞ்சள் கறை, ஓரத்தில் பென்சிலால் 'உப்பு குறைக்கவும், அவருக்கு பிரஷர்' என்று யாரோ ஒரு அம்மாவின் கையெழுத்து. அதைப் படித்தபடி நடைபாதையிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

இருபது ரூபாய் கேட்டார், ஐம்பது கொடுத்தேன். அப்புறம் மார்க்கெட்டில் சுண்டைக்காய் வற்றல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இன்று உப்பு குறைத்துத்தான் வைத்திருக்கிறேன்.