"மத்த நாளெல்லாம்?"

"என் ஒரு பையனுக்காக மொத்த வகுப்பையும் தரையில உட்கார வைக்கணுமா சார்?" என்று அந்த அப்பா கேட்டார். குரலில் கோபம் இல்லை.

பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி) உள்ள பையன், வாக்கர் பிடித்து நடப்பான். பி.டி. பீரியடில் அவன் கைக்கு வருவது ஸ்கோர் நோட்டுதான். அதை மாற்றத்தான் உட்கார்ந்து ஆடும் வாலிபாலைக் கொண்டுவந்தேன். களம் 10 மீட்டருக்கு 6 மீட்டர். வலையை ஒரு மீட்டர் உயரத்துக்கு இறக்கிக் கட்டினோம். பந்தைத் தொடும்போது உடம்பு தரையை விட்டு எழக்கூடாது. ஓடியாடும் பிள்ளைகள் உள்ளங்கை ஊன்றி நகரத் தெரியாமல் திண்டாடினார்கள். வீட்டில் தரையிலேயே நகர்ந்து பழகிய இவன், அவர்களுக்கு முன்னால் பந்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

அதனால் தயங்காமல் சொன்னேன்: "இது சலுகை இல்லைங்க. 1980லிருந்து பாராலிம்பிக்ல இருக்கிற ஆட்டம்."

"சரி சார். மத்த நாளெல்லாம்?"

அந்தக் கேள்விதான் இன்னும் விடமாட்டேன் என்கிறது. பெற்றோர் பயப்படுவது இரண்டுக்கு: பிள்ளை விழுந்துவிடுவான், மற்றவர்கள் கேலி செய்வார்கள். இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இவர் பயம் வேறு. 'இவனாலதான் நமக்கு ஓட்டம் போச்சு' என்று வகுப்பு நினைத்துவிடுமோ என்பது. அம்மாவுக்கு அந்தக் கவலையே இல்லை. "பந்து இவன்கிட்ட வந்துச்சாம்ல, அது போதும்" என்றார். முன்பு அவனை ஓரமாக உட்கார வைக்கச் சொன்னவரும் அவர்தான்.

நான் செய்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். ஊனமுற்ற பிள்ளைகளுக்கும் நாளுக்குச் சராசரியாகக் குறைந்தது 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. ஸ்கோர் எழுதுவது அதில் சேராது. ஆனால் மற்ற நாட்களில், நின்று ஆடும் ஆட்டத்தில், அவனை வலைக்குப் பக்கத்திலிருந்து சர்வீஸ் போடவிடுகிறேன், பந்து ஒருமுறை தரையில் பட்டாலும் ஏற்றுக்கொள்கிறேன். அப்பா சொல்கிற சலுகை அங்கேதான் இருக்கிறதோ? அதையும் எடுத்துவிட்டால் பந்து அவனிடம் வராது.

விளையாட்டு விழாவுக்கு வாக்கரோடு 50 மீட்டர் போகட்டும் என்கிறார் அப்பா, எவ்வளவு நேரமானாலும். அம்மா உட்கார்ந்து ஆடும் வாலிபால் போதும் என்கிறார். இரண்டு பட்டியலிலும் பெயர் சேர்த்திருக்கிறேன். ஓட்டத்தில் மற்ற பிள்ளைகளோடு ஒரே நேரத்தில் அவனை விடுவதா, தனியாக விடுவதா என்பதை மட்டும் இன்னும் எழுதவில்லை.