ஈரத்தைத் தனியே எடுத்தால்: வீட்டுக் குப்பையைப் பிரித்துப் பார்த்த அனுபவம்

வீட்டில் சேரும் குப்பையில் எவ்வளவை நாமே பிரித்து, மக்கவைத்து, மறுசுழற்சிக்கு ஏற்ற நிலையில் வெளியே அனுப்ப முடியும் என்று பார்க்க எனக்கு நெடுநாளாக ஆசை. சில மாதங்களாக அதைச் செய்துகொண்டிருக்கிறேன். இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதுவரை கண்டதை எழுதிவைக்கிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் சில நாட்கள் குப்பையை எடை மட்டும் போட்டேன். எடையில் பெரும்பங்கு காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, தட்டில் மிஞ்சியது. இடத்தை அடைத்துக்கொண்டது பிளாஸ்டிக்கும் அட்டைப் பெட்டியும். நாற்றம், ஈ, பையின் அடியில் ஒழுகும் தண்ணீர் எல்லாமே அந்த ஈரப் பங்கிலிருந்துதான் வந்தன. ஈரக்கழிவுக்கு மூடி போட்ட ஒரு தனி டப்பா வைத்த அன்றிலிருந்து மற்ற குப்பை வாரக்கணக்கில் கிடந்தாலும் நாறவில்லை. இதற்குப் பிறகு நான் செய்த எல்லாமே இந்த ஒரு மாற்றத்தின் மேல்தான் நிற்கிறது.

காகிதத்தில் இதன் பலன் உடனே தெரிந்தது. காகிதத்தைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கித்தான் மறுபடி காகிதம் செய்கிறார்கள். எண்ணெய் ஊறிய காகிதத்தைப் போட்டால் அந்த எண்ணெய் காகித நாரை விட்டுப் போகாது, கூழ் முழுவதும் கறை பரவும். ஒவ்வொரு சுழற்சியிலும் நார் குட்டையாகிக்கொண்டே போவதால் ஒரு நார் ஏறத்தாழ 5 முதல் 7 முறைதான் தாங்கும். ஒருமுறை அச்சான நல்ல காகிதத்தின் மேல் குழம்புத் தட்டைக் கொட்டினால், மிச்சமிருக்கும் அத்தனை முறையும் அந்த இடத்திலேயே போய்விடுகிறது. கடை ரசீதுகளை மட்டும் காகிதக் கட்டில் சேர்ப்பதில்லை. நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழுகிறதா என்று பார்ப்பேன். விழுந்தால் அது வெப்பத்தாள், அதன் மேல் ரசாயனப் பூச்சு இருக்கும். ஈரக்கழிவை மக்கவைக்கும் உரக்கூடைக்கும் அது வேண்டாம்.

அடுத்தது உரக்கூடை. என் மனம் அதிகம் ஒட்டிக்கொண்டது இதில்தான்.

பக்கவாட்டிலும் அடியிலும் துளை போட்ட ஒரு பெரிய டிரம் எடுத்துக்கொண்டேன். அடியில் குச்சியும் சருகும் பரப்பி, அதன் மேல் ஈரக்கழிவு ஓர் அடுக்கு, உலர்ந்தது ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டேன். நுண்ணுயிர்களுக்குக் கரிமம் (கார்பன்) எரிபொருள், நைட்ரஜன் உடலைக் கட்டும் பொருள். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருந்தால் வேகமாக வேலை செய்யும். காய்கறிக் கழிவில் இந்த விகிதம் 15, 20 என்ற அளவிலேயே இருக்கிறது. சருகில் 40க்கு மேல், அட்டையிலும் மரத்தூளிலும் நூற்றுக்கணக்கில். அதனால் ஈரக்கழிவை மட்டும் கொட்டிக்கொண்டே போனால் மிஞ்சும் நைட்ரஜன் அம்மோனியாவாகக் கிளம்பி மூக்கை அறுக்கும். மரத்தூளை மட்டும் அள்ளிப் போட்டால் கூடை அப்படியே உறங்கிக் கிடக்கும்.

எடைபோட்டு விகிதம் கணக்கிடும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது, தேவையும் இல்லை. கொள்ளளவில் ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு சருகோ கிழித்த அட்டையோ என்று வைத்துக்கொண்டு மூக்கைக் கேட்டால் போதும். மூக்கு மிக நல்ல கருவி. அம்மோனியா நெடி அடித்தால் உலர்ந்தது குறைவு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை, தண்ணீர் தேங்கியிருக்கிறது. கிளறிவிட்டு அட்டைத் துண்டுகளைச் சேர்த்தால் ஓரிரு நாளில் சரியாகிவிடுகிறது. மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் கூடையைத் தொந்தரவு செய்யவே வேண்டாம்.

ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறார்கள். அதை அளக்கக் கையே போதும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு.

நடுவில் ஒரு வெப்பமானியைச் செருகிவைத்தேன். புதிய கழிவு போட்டுக் கிளறிய மறுநாள் சூடு 40 டிகிரியைத் தாண்டியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் மூச்சுவிடும் சூடு அது. ஆனால் களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் சாக 55 டிகிரி தொடர்ந்து சில நாட்கள் நிற்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் குவியல் தேவை. சின்ன டிரம்மில் சூடு விளிம்பு வழியாக வெளியேறிவிடும். அதனால் என் கூடையில் விதை முற்றிய களைச்செடி, நோய் பிடித்த இலை, வளர்ப்புப் பிராணிகளின் மலம், இறைச்சி, பால் பொருள், எண்ணெய் எதுவும் போவதில்லை. சூட்டோடு செய்யும் பெரிய குவியலுக்கும் வீட்டுக் கூடைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பல செய்முறைக் குறிப்புகள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அது தெரியாமல் பலர் பாதியில் சலித்துப்போகிறார்கள் என்பது என் எண்ணம்.

இடையில் ஒரு நாள் கூடை நிறைய தடித்த, சாம்பல் நிறப் புழுக்கள். வீட்டில் எல்லோரும் அலறினார்கள். பார்த்தால் அவை பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழுக்கள். வளர்ந்த ஈ நம் சாப்பாட்டின் மேல் வந்து உட்காருவதில்லை, புழுவோ ஈரக்கழிவை அசுர வேகத்தில் தின்று தீர்க்கிறது. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். உலர்ந்த பொருள் கூடக் கூடத் தாமாகவே குறைந்தன.

"மக்கும்" என்று அச்சிட்ட ஒரு கோப்பையையும் சோதனைக்காகப் புதைத்துவைத்தேன். சுற்றியிருந்த அத்தனையும் கறுத்து மண்ணான பிறகும் கோப்பை மட்டும் கோப்பையாகவே இருந்தது. அத்தகைய பொருட்கள் பலவற்றுக்குத் தரும் சான்று, 60 டிகிரிக்கு அருகில் இயங்கும் பெரிய உரத் தொழிற்சாலையை மனத்தில் வைத்துத் தருவது. பாலிலாக்டிக் அமிலம் என்ற, தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்கால் ஆனவை வீட்டுக் கூடையின் சூட்டில் எளிதில் அசைவதில்லை. வீட்டு உரத்துக்கு ஏற்றது என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே இப்போது உள்ளே போடுகிறேன்.

பிளாஸ்டிக்குக்கு வருகிறேன். முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை இருக்கும் எண்ணை மறுசுழற்சிக்கான உத்தரவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். 1988இல் அந்த எண்கள் வந்தது, பொருள் எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை அடையாளம் காட்டத்தான். 1 பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்வது), 2 அடர் பாலித்தீன், 3 பிவிசி (PVC, தண்ணீர்க் குழாய் செய்வது), 4 மென் பாலித்தீன், 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை. பெரும்பாலான இடங்களில் 1, 2 வகைகளுக்கே நல்ல வரவேற்பு. 5க்கு ஓரளவு உண்டு. மற்றவற்றை உங்கள் பகுதியில் சேகரிப்பவரிடம் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எண் தேய்ந்துபோனவற்றுக்கு ஒரு வாளித் தண்ணீர் உதவுகிறது. சின்னத் துண்டு வெட்டி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் அமிழ்த்திவிட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். பெட், பிவிசி, பாலிஸ்டைரீன் மூழ்கும். நுரைத்த பாலிஸ்டைரீன் மட்டும் உள்ளே காற்று இருப்பதால் மிதக்கும். தண்ணீர் பாட்டிலையும் அதன் மூடியையும் போட்டுப் பாருங்கள்: பாட்டில் துண்டு அடிக்குப் போகும், மூடித் துண்டு மேலே நிற்கும். ஆலைகளிலும் நொறுக்கிய பாட்டில்களையும் மூடிகளையும் இதே முறையில் தொட்டியில் பிரிக்கிறார்கள். ஒரு சிறுவனுக்கு இதைச் செய்துகாட்டினேன். அன்று மாலைக்குள் அவன் வீட்டிலிருந்த உடைந்த பொம்மை ஒவ்வொன்றையும் சோதித்துவிட்டான்.

மூழ்கியது எல்லாம் ஒன்று என்று ஒரே பையில் போட்டுவிடக் கூடாது. பெட்டை உருக்க 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். சிறிதளவு பிவிசி கலந்தாலும் உருக்கிய பெட் மஞ்சளித்துப் போகும். அதனால் எதுவென்று ஐயம் இருக்கும் துண்டைப் பெட்டோடு சேர்ப்பதில்லை.

இங்கும் ஈரம்தான் பெரிய தொல்லை. டப்பாவைக் கழுவி உடனே மூடிவைத்தால் உள்ளே பூஞ்சை படர்கிறது. பாத்திரம் கழுவி முடித்த தண்ணீரிலேயே அலசி, கவிழ்த்து ஒரு இரவு வைத்து, பிறகு நசுக்கிப் பையில் போடுகிறேன். பளபளவென்று தேய்க்கத் தேவையில்லை. ஒட்டியிருக்கும் உணவு போனால் போதும்.

உலோகத்தில் காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாத பானக் குவளை அலுமினியம். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட அலுமினியத்தை மறுசுழற்சி செய்ய ஏறத்தாழ 95 விழுக்காடு குறைவான ஆற்றலே போதும். ஒரு குவளைகூட வீணாகக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கண்ணாடியில் பாட்டில், ஜாடி மட்டும். அடுப்பில் வைக்கும் வெப்பம் தாங்கும் கண்ணாடி அதிகச் சூட்டில்தான் இளகும் என்பதால் பாட்டில்களோடு சேரக் கூடாது.

உயரமான அலமாரியில் ஒரு தனிப் பெட்டி இருக்கிறது. பழைய மின்கலங்கள், பல்புகள், காலாவதியான மாத்திரைகள் அதில். லித்தியம் மின்கலத்தின் முனைகளில் டேப் ஒட்டித்தான் உள்ளே போடுகிறேன். குப்பை வண்டி அழுத்தும்போது நசுங்கினால் தீப்பிடிக்கும், அங்கே நிற்பது ஒரு தொழிலாளி. பொத்தான் மின்கலங்கள் குழந்தை கையில் அகப்படவே கூடாது. விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உடைந்த கண்ணாடியைத் தடித்த அட்டையில் சுற்றி, மேலே பெரிதாக எழுதித்தான் கொடுக்கிறேன்.

முதல் கூடை இப்போது முதிர்கிறது. அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, சூடும் அடங்கிவிட்டது. ஒரு பிடியை ஈரப்படுத்திக் காற்றுப் புகாத பையில் சில நாள் கட்டிவைத்துத் திறந்தேன். இன்னும் லேசாகப் புளித்த வாடை. அப்படியானால் உள்ளே வேலை முடியவில்லை, செடிக்குப் போட்டால் வேர் வாடும். வாடை முற்றிலும் போகும்வரை விட்டுவைத்து, பிறகு சலிக்கப் போகிறேன். சல்லடையில் தங்கும் கட்டிகள் அடுத்த கூடையின் அடியில் போகும், அவற்றில் நுண்ணுயிர்கள் தயாராக இருப்பதால் அந்தக் கூடை விரைவாகச் சூடேறும்.

இன்னும் வழி தெரியாமல் நிற்பது உள்பக்கம் வெள்ளியாக மின்னும் தின்பண்டப் பொட்டலங்கள். கசக்கிவிட்டால் மறுபடி விரிந்துகொள்கின்றன, அப்படியென்றால் அவை அலுமினியத் தாள் இல்லை, மேலே மெல்லிய உலோகம் படிந்த பிளாஸ்டிக் அடுக்குகள். அடுக்குகளை வீட்டில் பிரிக்க வழியில்லை. அவற்றை மட்டும் ஒரு பையில் சேர்த்து எடை போட்டுவருகிறேன். எந்தெந்தப் பொருளை வாங்கியதால் அந்தப் பை நிறைகிறது என்ற பட்டியல் குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. அடுத்த மாதம் அதில் முதலிரண்டு பொருளை வாங்காமல் இருந்து பார்க்கப் போகிறோம்.