நீ கண்டது வேற, நான் மோந்தது வேற

"இது இல்ல தம்பி. நீ கண்டது வேற, நான் மோந்தது வேற."

எங்கள் மூத்த எலக்ட்ரீஷியன், நாங்கள் பெரியவர் என்று சொல்கிறவர், அன்று சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டு டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குள் மின்சாரப் பேனலை மூடி, பூட்டைக் கழற்றி, மெயினையும் ஏற்றியாகிவிட்டது. எல்லாம் ஓட ஆரம்பித்திருந்தது. எங்களோடு வேலை செய்யும் இளம் எலக்ட்ரீஷியன் பையன் பதிவேட்டில் "கோளாறு சரிசெய்யப்பட்டது" என்று எழுதி என்னிடம் நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். போட்ட கையெழுத்து சரிதானா என்று இன்றுவரை எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது.

பேனல் ரூமுக்குள் நுழைந்தவுடனே மூக்கைச் சுளித்தவர் அவர்தான். "மீன் வாடை வருதே" என்றார். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் பொருள் தெரியும். சுவிட்ச், டெர்மினல் பிளாக் போன்றவற்றில் ஒரு வகை பிளாஸ்டிக் உண்டு, யூரியா பார்மால்டிஹைடு. அது அளவுக்கு மீறிச் சுட்டால் அழுகிய மீன் மாதிரி நாறும். புகை வருவதற்கு முன்பே, பிரேக்கர் எதுவும் டிரிப் ஆவதற்கு முன்பே அந்த நாற்றம் வந்துவிடும். எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. பையனுக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் மூக்கைச் சந்தேகப்பட எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

"எந்தப் பக்கம் அண்ணே?" என்று கேட்டேன்.

"மூடியைத் திறந்தாத்தானே தெரியும். லோடு ஓடட்டும், நான் பார்த்துக்கறேன்."

பையன் நகர்ந்து அவருக்கு முன்னால் நின்றான். குரல் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை. "லைன் ஓடும்போது மூடியைத் திறக்க மாட்டேன் ஐயா. திறக்கவும் விட மாட்டேன்." பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மெயினை இறக்கச் சொன்னேன்.

இறக்கி, யாரும் மறுபடி ஏற்றிவிடாதபடி பூட்டுப் போட்டு, எச்சரிக்கை டேக் மாட்டி, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று உயிருள்ள, அதாவது கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு பேனலில் வைத்துப் பார்த்து, மறுபடி உயிருள்ள இடத்தில் வைத்து உறுதி செய்து, அதற்கப்புறம்தான் மூடியைத் திறந்தோம். வெளியே போகும் ஒரு கேபிளின் லக், அதாவது போல்ட் போட்டு இணைக்கிற அதன் உலோக முனை, கறுத்திருந்தது. அதன் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் ஸ்லீவ் விறைத்துப்போயிருந்தது. சுத்தம் செய்து, சரியான அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினோம். மற்ற போல்ட்களையும் சரிபார்த்தோம். பெரியவர் ஒவ்வொரு டெர்மினல் அருகிலும் குனிந்து குனிந்து பார்த்தார். அந்த லக்கைத் தொட்டார், முகர்ந்தார், விட்டுவிட்டார். அப்போதே அவர் முகம் சரியாக இல்லை.

நான் சொன்ன முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் மூடியைத் திறந்துவிடக் கூடாது.

அவர் தொழில் பழகிய காலத்தில் விரல்தான் டெஸ்டர். அது முரட்டுத்தனம் கூட இல்லை, பாடமாகவே இருந்தது. 250 வோல்ட் வரை கம்பியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று எலக்ட்ரீஷியன்களுக்கான கையேட்டில் அச்சடித்தே கொடுத்த காலம் ஒன்று இருந்தது. தொடுவதென்றால் புறங்கையால் தொடு என்பார்கள், உள்ளங்கையால் தொட்டால் தசை இறுகிக் கம்பியையே பற்றிக்கொள்ளும். பியூஸ் காப்பாற்றும் என்று நம்பியவர்களும் உண்டு. உடம்பின் மின்தடையை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் பாய்வது கால் ஆம்பியருக்கும் குறைவு. 5 ஆம்பியர் பியூஸுக்கு அது உறைக்கவே உறைக்காது. மனிதன் செத்துக்கிடப்பான், பியூஸ் அப்படியே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்சிசிபி எல்லாம் பிறகு வந்தது.

இந்தத் தொழிலின் முதல் விதிகளே மனிதனுக்காக எழுதப்பட்டவை அல்ல. 1882ல் லண்டனில் வெளியான முதல் வயரிங் விதிகளின் தலைப்பே மின்விளக்கால் ஏற்படும் தீ அபாயத்தைத் தடுப்பது பற்றியதுதான். கட்டடத்தைக் காப்பாற்றத்தான் முதலில் யோசித்தார்கள். கம்பியில் கை வைப்பவனைப் பற்றிய கவலையை, கை வைத்தவர்கள்தான் சண்டை போட்டுக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 1891ல் மின் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி அதன் முதல் தலைவராக இருந்த ஹென்றி மில்லர், 1896ல் லைன் வேலையில் ஷாக் அடித்துக் கீழே விழுந்து இறந்தார். சங்கம் கண்டவருக்கே அந்தக் கதி. பூட்டும் டேக்கும் அங்கே சட்டமாக வருவதற்கு 1989 வரை ஆயிற்று. ஷாக் தவிர, பேனலில் வெடிக்கும் ஆர்க் என்ற மின்தீப்பொறி மட்டுமே ஆளைக் கருக்கிக் கொன்றுவிடும் என்பதை 1982ல் ரால்ஃப் லீ என்ற பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் உலகம் தீவிரமாக எடுத்துக்கொண்டது. பெரியவர் தொழிலுக்கு வந்தபோது இதில் பல விஷயங்கள் யாருக்கும் தெரியாது. பையனுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

எனவே பையன் குறுக்கே நின்றது சரி. நானாக இருந்தால், அந்த வயதில், அவருக்கு எதிரே நின்றிருப்பேனா? மாட்டேன். எங்கள் காலத்தில் மூத்தவர் திறக்கிறேன் என்றால் டார்ச் பிடிப்போம். அவ்வளவுதான்.

சரி, அப்புறம் என்ன பிரச்சினை? ஒரு லூஸ் கனெக்‌ஷன் என்பது கரண்ட் ஓடும்போது மட்டும் இருக்கிற கோளாறு. அதுதான் பிரச்சினை.

இணைப்பில் வெறும் 0.01 ஓம் மின்தடை கூடிவிட்டது என்று வையுங்கள். 60 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 36 வாட் சூடு. மேசையில் வைத்து வேலை செய்கிற ஒரு சால்டரிங் அயர்னை அந்த லக்குக்கு அடியில் சொருகிவிட்டுப் போனது மாதிரி. சூட்டில் செம்பின் மேல் ஆக்சைடு படியும், மின்தடை இன்னும் கூடும், சூடும் கூடும். ஆனால் மெயினை இறக்கிவிட்டால்? சூடு இறங்கிவிடும், வாடை கலைந்துவிடும். மல்டிமீட்டர் வைத்தால் காட்டாது, அந்த மீட்டரின் ஒயர்களுக்கே அதைவிட அதிக மின்தடை இருக்கும். மெகர் வைத்தாலும் பயனில்லை, அது இன்சுலேஷனைப் பார்க்கும், இணைப்பைப் பார்க்காது. பாதுகாப்பாகத் திறப்பதற்காக நாங்கள் செய்த அதே காரியம்தான் தேடிப்போன தடயத்தையும் அழித்துவிட்டது.

கறுத்த லக் கிடைத்தது உண்மை. ஆனால் அது எப்போது கறுத்தது? ஒரு காலத்தில் சுட்டு, யாரோ முறுக்கிச் சரிசெய்த பழைய கறுப்பாகவும் இருக்கலாம். அந்த லக்குக்கு அருகில் வாடை அடிக்கும்படியான பிளாஸ்டிக் என்ன இருந்தது? ஸ்லீவ் பிவிசி. பிவிசி கருகினால் மூக்கை அரிக்கிற காரமான நெடி வரும், மீன் வாடை வராது. இதை அன்று இரவு படுத்தபிறகுதான் யோசித்தேன். பெரியவர் குனிந்து முகர்ந்த அந்த நொடியிலேயே யோசித்து முடித்திருப்பார்.

விளக்கிச் சொல்லியிருக்கலாமே என்று அவர் மேல் கோபம் வருகிறது. பிறகு, அவர் பழகிய தொழிலில் விளக்கம் என்ற ஒன்றே இருந்ததில்லை என்பது நினைவுக்கு வருகிறது. ஏணி பிடித்து, மரப்பட்டை அடித்து, ரப்பர் இன்சுலேஷன் ஒயரைச் சீவி முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, டேப் சுற்றி, கட்டிங் பிளேயரைக் கையில் கொடுப்பதற்கே வருஷக்கணக்கில் காத்திருந்து கற்றவர். குரு எதையும் வாயால் சொல்ல மாட்டார், பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எந்த ஒயர் எங்கே போகிறது என்பது அவர் தலைக்குள் இருந்தது. டிராயிங் கிடையாது. அப்படிப்பட்டவர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் கட்டடத்தின் வரைபடமே அவரோடு போய்விடும். பின்னால் வருகிறவன் ஒவ்வொரு சர்க்யூட்டாகத் தட்டித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். நானே அப்படி அலைந்திருக்கிறேன். பையன் ஒவ்வொரு பிரேக்கருக்கும் லேபிள் ஒட்டுகிறான், படம் எடுத்து வைக்கிறான். நாளை அவன் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். இதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

மனப்பாடத்தை நம்ப முடியாது என்பதற்கு வேறு எங்கும் போக வேண்டாம், நிறங்களே போதும். பிரிட்டனில் 2006ல் முழுமையாக நிறம் மாற்றினார்கள். அதுவரை கறுப்பு நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பும் கம்பி; நீலம் ஒரு பேஸ், அதாவது கரண்ட் வரும் கம்பி. மாற்றத்துக்குப் பிறகு நீலம் நியூட்ரல், கறுப்பு ஒரு பேஸ். நேர் எதிர். பழைய வயரிங்கும் புதிய வயரிங்கும் ஒரே கட்டடத்தில் கலந்து கிடக்கும். அங்கே கறுப்பைப் பார்த்து நியூட்ரல் என்று கை வைக்கிற அனுபவசாலிதான் முதலில் அடிபடுவான். டெஸ்டர் வைத்துப் பார்க்கிற புதியவன் பிழைப்பான்.

இப்படியெல்லாம் எழுதி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்கிறேன். நியாயம் இருக்கிறது. ஆனாலும் அவர் சொன்ன வாக்கியத்துக்கு இதில் எதுவுமே பதிலில்லை. பூட்டுப் போட்டது தவறு என்று அவர் சொல்லவே இல்லையே. நீ கண்டது வேற, நான் மோந்தது வேற என்று மட்டும்தான் சொன்னார். ஒரு கோளாறைத் தேடிப்போய் இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டு, கண்டுபிடித்துவிட்டோம் என்று எழுதினோம். அதைத்தான் சொன்னார்.

அவரிடம் இருக்கிற அந்த மூக்கு எப்படி வந்தது? ஓடுகிற பேனலுக்கு முகத்தைக் கொடுத்து, எத்தனையோ தடவை, அருகே போய் வந்தது. கோளாறைக் கோளாறாக இருக்கும்போதே சந்தித்ததால் வந்தது. அதைப் பையனுக்குக் கற்றுத்தர வேண்டுமென்றால் அவனையும் அதே இடத்தில் நிறுத்த வேண்டும். நான் நிறுத்த மாட்டேன். அப்படியானால் அந்த அறிவு அவரோடு முடியட்டும் என்று நான் முடிவு செய்துவிட்டதாகத்தான் அர்த்தம். இப்படி ஒரு முடிவை எடுக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், அவரோடு தொழில் பழகி, அந்த மூக்கு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்களும் இருந்திருப்பார்களே, அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தோன்றுகிறது.

தெர்மல் கேமரா இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல கருவிதான். ஆனால் அது மேற்பரப்பின் சூட்டைத்தான் பார்க்கும், மூடிய இரும்புக் கதவுக்குள் பார்க்காது. லோடு குறைவாக இருந்தால் கெட்ட இணைப்பும் நல்ல இணைப்பு மாதிரியே தெரியும். சூடு, கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதி லோடில் கால் பங்குச் சூடுதான். கதவைத் திறக்காமலே உள்ளே பார்க்க, பேனலில் இன்ஃப்ராரெட் ஜன்னல் பதிக்கலாம். அதைப் பதிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், பதித்தும் விட்டார்கள். பையன் முதல் ஸ்கேன் எடுத்தான். எல்லாம் ஒரே நிறம். அவனுக்குச் சந்தோஷம். நான் அன்றைய லோடு எவ்வளவு என்று கேட்டேன். பார்த்துச் சொன்னான், பாதிகூட இல்லை.

பெரியவருக்குப் போன் செய்தேன். ஜன்னல் வைத்த விஷயத்தைச் சொன்னேன். "நல்லதுதான்" என்றார். வாடை எந்தப் பக்கம் இருந்து வந்திருக்கும் என்று மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "இடது பக்கம் மேல் வரிசைன்னு நினைக்கிறேன். திறந்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். கறுத்த லக் இருந்தது வலது பக்கம், கீழே.

பையனிடம் சொன்னேன். அவன் பதிவேட்டை எடுத்து, பழைய பதிவை அடிக்காமல், அதன் கீழே புதிதாக ஒரு வரி எழுதினான்: "இடது மேல் வரிசை, முழு லோடில் ஸ்கேன் செய்யவும். காரணம்: மீன் வாடை, மூத்த எலக்ட்ரீஷியன் தெரிவித்தது." எழுதிவிட்டு, "இதையெல்லாம் காரணம்னு எழுதலாமா அண்ணே?" என்று கேட்டான்.

எழுது என்றேன். முழு லோடு வரும் நாளுக்காக இப்போது காத்திருக்கிறோம். அன்று அந்த வரிசையில் சூடு தெரிந்தால், முதல் கையெழுத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று தெரியவில்லை. சூடு தெரியாவிட்டாலும் அவர் சொன்னது பொய் என்று என்னால் எழுத முடியாது.