ஸ்டென்ட் வைத்த பிறகு எடுக்கும் ரத்தப் பரிசோதனைகள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர்கள் செக்கப்புக்கு வரும்போது, சீட்டில் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு), கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்யும் விதம்), எச்எஸ்-சிஆர்பி (உடம்பின் அழற்சி), என்டி-புரோபிஎன்பி (இதயத்தின் மேல் உள்ள சுமை) என்று வரிசையாக இருக்கும். ரிப்போர்ட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டால் வீடே கலங்கிப்போகிறது. அந்த எண்ணை நம்பலாமா என்பது, ரத்தம் எடுத்த நேரத்தையும் விதத்தையும் பொறுத்தது.

எச்எஸ்-சிஆர்பி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு, 3-க்கு மேல் போனால் அதிகம். ஆனால் உடம்பில் அழற்சி இருக்கிறது என்றுதான் இது காட்டும், எங்கே என்று காட்டாது. வலை இழுக்கும் கையில் மீன்முள் குத்திச் சீழ் பிடித்திருந்தாலும் ஏறும், ஈறு வீங்கியிருந்தாலும் ஏறும். 10-ஐத் தாண்டினால் இதயக் கணக்கில் சேர்க்க வேண்டாம். காயமோ காய்ச்சலோ ஆறி, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

கையில் கட்டும் ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சிரிஞ்சில் வேகமாக இழுத்து டியூபுக்குள் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் உடையும். ஊதா மூடி டியூபை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. சீரம் டியூபை அரைமணி நேரம் உறையவிட்டுச் சுழற்றினால், மேலே சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்கும். அது ரோஸ் நிறமாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன, பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய இதய மாத்திரை) சாப்பிடுபவருக்கு அந்தப் பொய் எண்ணாலேயே தேவையான மாத்திரை நிறுத்தப்படலாம். மறுபடி குத்தச் சொன்னால் தயவுசெய்து கோபப்படாதீர்கள்.

பிஎன்பியும் என்டி-புரோபிஎன்பியும் ஒன்றல்ல. போன முறை ஒன்று, இந்த முறை மற்றொன்று எடுத்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். சாகுபிட்ரில் (இதயச் செயலிழப்புக்கான மருந்து) கலந்த மாத்திரை சாப்பிடுபவருக்குப் பிஎன்பி மருந்தாலேயே ஏறும். அவருக்கு என்டி-புரோபிஎன்பிதான் சரி. வயது, சிறுநீரகக் கோளாறு இரண்டும் இதை ஏற்றும், உடல் பருமன் இறக்கும்.

டிரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம்) மாதாந்திரச் செக்கப்புக்கு உரியதல்ல. நெஞ்சு வலித்தால் தெருமுனை லேபில் இதைக் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. நேராக ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், ஈசிஜிதான் முதலில். வலி தொடங்கிய முதல் ஓரிரு மணி நேரத்தில் டிரோபோனின் நார்மலாகவே இருக்கலாம். அதனால்தான் இடைவெளி விட்டு இரண்டாம் முறை எடுக்கிறார்கள். யூனிட்டையும் பாருங்கள்: மில்லிலிட்டருக்கு 0.04 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 40 நானோகிராம் என்பதும் ஒரே அளவு.

எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) பல லேபுகளில் கணக்குப் போட்டு எழுதுவது. டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் பழைய சூத்திரக் கணக்கு தப்பும். நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். ஸ்டாடின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) தொடங்கினாலோ அளவை மாற்றினாலோ 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

லிப்போபுரோட்டீன்-ஏ (எல்டிஎல் போன்ற ஒரு கொழுப்புத் துகள்) பரம்பரையாக வருவது, பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.