பழைய ஹார்பர் தூண்டில் டைரி

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

பாளையங்கோட்டைல இருந்து 50 கிலோமீட்டர், இருட்டோட கெளம்பியும் தூத்துக்குடிக்குள்ள மாட்டிக்கிட்டேன், மாதா கோயில் திருவிழா 5ஆம் தேதி வரைக்கும்ங்கறதே மண்டைல இல்ல. எல்லாவனும் முயல்தீவுக்குப் போங்கான், எனக்கு பழைய ஹார்பர் ஓரந்தான். சரக்குத் தோணி கட்டுற எடத்துக்குள்ள விடமாட்டாங்க, வெளிய கல்லு மேல ஒக்காந்தா மாலத்தீவு போற தோணி தெரியும். வ.உ.சி. 1906ல கம்பெனி ஆரம்பிச்சு கொழும்புக்குக் கப்பல் விட்டதும் இந்த ஊர்ல இருந்துதான். ஆழம் பத்தாம பெரிய கப்பல்லாம் தள்ளி நங்கூரம் போட்டு, படகுலதான் சரக்கு வரும் போகும், பெறகுதான் 1974ல புது துறைமுகம். கப்பலுக்குப் பத்தாத தண்ணி நமக்குப் போதும்.

மீன்: இல்ல. கல்லுக்குள்ள போன தூண்டில் முள்ளு: 3.

10 ஆகஸ்ட், ஞாயிறு

நேத்து பௌர்ணமி, கடல்தண்ணி நல்லா ஏறுது. மடவை மீனு கூட்டமா வாயத் தொறந்துட்டு மேலயே போகுது, எறாலக் காட்டுனா திரும்பிக்கூட பாக்கல. என் தூண்டில் ராடு 2800 ரூவா. பக்கத்துல ஒரு தாத்தா தண்ணி பாட்டில்ல தங்கூசிய (தூண்டில் நரம்பு) சுத்தி வச்சிருக்காரு, அம்புட்டுதான் அவரு சாமான். ரொம்ப நேரம் பாத்துட்டு, "அது பாசியும் சகதியும் திங்குற சாதி தம்பி, அதுக்குப் போயி எறால ஊட்டுதியே"ன்னாரு. மைதா உருண்டை கொஞ்சம் கிள்ளிக் குடுத்தாரு, முள்ளையும் சின்னதா மாத்தச் சொன்னாரு. ரெண்டு வந்துச்சு. அவருக்கு எத்தனன்னு நான் எண்ணல.

ஓடை வந்து விழுற பக்கம் மீன் இன்னும் அதிகம், ஆனா ஊருச் சாக்கடை பூரா அதுலதான் வருது, அங்க புடிச்சத வீட்டுக்குக் கொண்டு போக மாட்டேன்.

17 ஆகஸ்ட்

போகல. அத்தை வீட்டு சடங்கு. நவமி வேற, தண்ணி ஏறவும் செய்யாது வத்தவும் செய்யாது, போயிருந்தாலும் சும்மாதான் இருந்திருப்பேன் (இப்படித்தான் மனச ஆத்திக்கணும்).

24 ஆகஸ்ட், ஞாயிறு

அமாவாசைக்கு மறுநாள். கச்சான் காத்து மூஞ்சிலயே அடிக்கி, தக்கை நிக்கவே இல்ல, கழட்டிப்போட்டு ஈயக்குண்ட மட்டும் கட்டி அடில விட்டேன். கெளுத்தி, முக்கா கிலோ இருக்கும். முதுகுல ஒரு முள்ளு, செவுளுக்குப் பின்னால பக்கத்துக்கு ஒண்ணு, மூணும் ரம்பம் மாதிரி, எல்லாம் தெரிஞ்சும் தூண்டில எடுக்கேன்னு அவசரத்துல கைய வச்சேன். பெருவிரல்ல ஏறிட்டு. ரத்தம் கொஞ்சந்தான், வலி முழங்கை வரைக்கும் போகுது. தாத்தா மீனக்கூட பாக்கல, என் சட்டையப் புடிச்சு டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு செம்புல வெந்நி வாங்கி, தாங்குற சூட்டுல விரல முக்க வச்சாரு, சூடு கொறையக் கொறைய மாத்துனாரு. அந்த வெஷம் சூட்டுக்கு அடங்கிரும். அரைமணி நேரத்துல வலி பாதி கொறஞ்சிட்டு. டீக்கடை அண்ணாச்சி வெந்நிக்குக் காசு வாங்கல, ரெண்டு டீக்கு மட்டும் வாங்குனாரு.

திரும்பி வந்து பாத்தா கெளுத்தியக் காணும், கல்லு மேல பூனை ஒக்காந்திருக்கு. இத எடது கையால டைப் பண்ணிட்டு இருக்கேன்.