நீளமான பிரெஞ்சுச் சொல்லா? வாலைப் பிடியுங்கள்

டெல்ஃப் பி1 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் வாய்மொழிப் பகுதிக்குப் படித்தபோது என்னைப் படுத்தி எடுத்தது இலக்கணம் இல்லை. 'துரதிர்ஷ்டவசமாக' என்பதற்கான ஒற்றைச் சொல். எழுத்துகளைப் பார்த்து 'மால்ஹ்யூரியூஸ்மெண்ட்டு' என்பேன். சரியான ஒலி ஏறத்தாழ 'ம-லெ-ரெஸ்-மான்', நான்கே அசை. ஹெச் ஊமை, 'ஸ்' இஸட் போல அதிரும்.

முதலில் அந்தக் கடைசி 'மான்'. ஆங்கில 'மெண்ட்' பழக்கத்தை விட்டுவிடுங்கள், டி ஒலிக்காது. 'அவன் வந்தான்' என்று வீட்டில் சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி 'ன்'னுக்கு நாக்கு மேலே போய்த் தொடாது, 'ஆ' மூக்கு வழியாகக் கரைந்துவிடும். அதேதான் இங்கேயும். நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் ஒலிக்கு நான் இரண்டு மாதம் வீணாக்கினேன்!

அடுத்த தொல்லை, நடுவில் வரும் இ (e) எழுத்து. 'மெதுவாக' என்பதற்கான பிரெஞ்சுச் சொல் எழுத்தில் மூன்று அசை, பேச்சில் 'லான்த்-மான்' என்று இரண்டுதான். ஆனால் முன்னால் இரண்டு மெய்கள் நெருக்கினால் அந்த இ விழாது: 'ஜுஸ்-தெ-மான்'. விழுந்தால் மூன்று மெய் முட்டிக்கொள்ளும், வாய் தாங்காது. 'எவிதமான்' தனிக்கதை. 'வெளிப்படையாகவே' என்று பொருள். அங்கே எழுதுவது இ, ஒலிப்பது அ.

இனி பூதம்: ஆன்-தி-கோன்ஸ்-தி-துயு-ஸ்யோ-னெல்-மான். 'அரசியலமைப்புக்கு முரணாக' என்று பொருள். 25 எழுத்து. தாளில் பிரித்தால் 9 அசை. பேசும்போது 'னெல்'லுக்குப் பின்னால் இருக்கும் இ விழுந்து 8. 'துயு' வரும் இடத்தில் உதடு 'உ' சொல்ல வேண்டும், நாக்கு தமிழ் 'இ' சொல்ல வேண்டும். தேர்வில் இந்தச் சொல் வரப்போவதில்லை, பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னாலிருந்து படித்தால் நாலாவது அசையில் மூச்சு முட்டும். நான் வாலிலிருந்து போனேன்: மான்... னெல்மான்... ஸ்யோனெல்மான்... ஒவ்வொரு முறையும் முன்னால் ஓர் அசை சேரும், முடிவு மட்டும் மாறாது. தனியாகச் சொல்லும்போது பிரெஞ்சில் அழுத்தம் கடைசி அசையில்தான் விழும் என்பதால், அந்த இடமும் தானாகப் பழகிவிடும்.

தேர்வறையில் பத்து நிமிடத் தயாரிப்பில் குறிப்புத் தாளில் நான் எழுதியது இப்படி 'மான்' என்று முடியும் இரண்டே வினையடைகள். இரண்டின் வாலிலும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு.