ஆச்சியின் டிரங்குப் பெட்டி

நேற்று அம்பாசமுத்திரம் வீட்டுத் தார்சாவில் ஆச்சியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மஞ்சள் பைக்குள் பத்திரங்கள், கரையான் அரித்த தீர்வை ரசீது. வயல் பட்டா இன்னும் தாத்தா பெயரில்! அவர் சொந்தமாக வாங்கியது, உயில் எழுதவில்லை, ஆக ஆச்சிக்கும் பிள்ளைகளுக்கும், மகள்கள் உட்பட, சம பங்கு.

வீடு ஆச்சி பெயரில். "பேசாம செட்டில்மெண்ட் எழுதிருங்கம்மா" என்றார் மாமா. உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம் அது. ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எழுதிட்டா நாளைக்கு எனக்கு யாருல சோறு போடுவா?" என்றாள்.

நியாயம்தானே. செட்டில்மெண்ட் பதிவானால் சொத்து கைமாறிவிடும், மனசு மாறினால் நாமாக ரத்து செய்ய முடியாது. உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை (செய்துவிடுவது நல்லது), ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும். இப்போதே கொடுத்துத்தான் தீருவேன் என்பவர்கள், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பார்க்காவிட்டால் 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் முறையிடலாம்.

சரி, ஆச்சி உயில்தான் என்று முடிவு பண்ணிவிட்டாள். மாமா சாப்பிடாமலே கிளம்பிட்டார். சாட்சிக்கு யாரைக் கூப்பிட என்று கேட்டேன்.

"எனக்கு முந்திப் போயிராத ஆளாப் பாருல" என்கிறாள்.